பார்சலில் வந்த முட்டையும் பஞ்சாரத்துக் கோழியும்

கேள்வி: எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். வேலைக்காக ஐதராபாத் வந்து, இப்போது உப்பலில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பின்னால் சுற்றுச்சுவர் போட்ட காலியிடமும் இரண்டு வேப்பமரமும் இருக்கின்றன. ஊரில் அம்மா வைத்திருந்தது போல சிறுவிடைக் கோழி வளர்க்க ஆசைப்பட்டு, போன ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து கூரியரில் 24 முட்டை வரவழைத்தேன். நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தது. வந்த அன்றே இன்குபேட்டரில் வைத்துவிட்டேன். இரண்டு முட்டை உடைந்திருந்தன. ஏழாம் நாள் டார்ச் அடித்தபோது 9 முட்டையில் ஒன்றுமே தெரியவில்லை, 4 முட்டையில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. 4 குஞ்சுகள் முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டன. பொரித்தது 5. பண்ணைக்காரர் மெஷின் சரியில்லை என்கிறார். பிறகு வேறோர் இடத்திலிருந்து பஸ் பார்சலில் 20 நாள்குஞ்சு வாங்கினேன். மூன்றே நாளில் 8 போய்விட்டது, பலவற்றுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தது. முட்டை வாங்குவது நல்லதா, குஞ்சு வாங்குவது நல்லதா? வாங்கியது அசல் சிறுவிடைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், உப்பல்

பதில்: முதலில் மெஷினை விட்டுவிடுங்கள். உங்கள் முட்டைகளில் பெரும்பாலானவை மெஷினுக்குள் போவதற்கு முன்பே முடிந்துபோனவை. எண்ணிக்கையை இவ்வளவு கவனமாகக் குறித்து வைத்திருக்கிறீர்கள், அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

டார்ச் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாத முட்டையை நாம் கூமுட்டை என்று ஒதுக்கிவிடுகிறோம். சேவல் சேராத முட்டை வேறு, சேவல் சேர்ந்து, வழியில் கரு செத்துப்போன முட்டை வேறு. டார்ச் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். அடுத்த முறை முட்டை வரும்போது ஒன்றிரண்டைக் கூடுதலாக வாங்கி, அடை வைக்கும் முன்பே ஒரு வெள்ளைத் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள்கருவின் மேல் ஒரு சிறிய வெண்புள்ளி இருக்கும். அது ஓரம் ஒழுங்கில்லாமல், கெட்டியான வெள்ளைப் பொட்டாக இருந்தால் சேவல் சேரவில்லை. நடுவில் தெளிவாகவும் சுற்றிலும் வெள்ளை வளையமாகவும், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக இருந்தால் கருக்கூடிய முட்டை. உடைத்தவை எல்லாம் கருக்கூடியிருந்து, அடை வைத்தவற்றில் பாதி வெறுமையாகப் போனால், குற்றம் சேவலுடையது அல்ல, பயணத்துடையது.

ஏப்ரல் மாதம் என்றீர்கள் அல்லவா, அதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். கோழிக் கரு தாயின் வயிற்றுக்குள்ளேயே வளரத் தொடங்கிவிடுகிறது. முட்டை வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்று, கரு உறங்குகிறது. அந்த உறக்கத்தில் இருக்கும்வரை ஒரு வாரம்கூடத் தாங்கும். முட்டையைச் சேமிக்க 15 முதல் 18 டிகிரி வரை நல்லது என்பது இதனால்தான். வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போனால் கரு மெல்ல விழித்துக்கொள்ளும். வளரப் போதுமான சூடு 37 டிகிரிக்குப் பக்கத்தில்தான். விழிக்க மட்டும் போதுமான, வளரப் போதாத சூட்டில் பகலெல்லாம் கிடந்து, ராத்திரி ஆறி, மறுநாள் மீண்டும் சூடேறினால் எந்தக் கருவும் தாங்காது. கோடையில் தகரக் கூரை போட்ட கூரியர் கிடங்கிலும் லாரிக்குள்ளும் நான்கு நாள் உங்கள் முட்டைகளுக்கு நடந்தது இதுதான். சிவப்பு வளையம் தெரிந்த நான்கும் அதே கதைதான். மெஷினில் வைத்தபின் ரத்தநாளம் ஓடத் தொடங்கி, முதல் நான்கைந்து நாளுக்குள் நின்றுபோன பலவீனமான கருக்கள் அவை.

இனி அந்த நான்கு முழுக் குஞ்சுகள். இதில் மட்டும் பயணத்துக்கும் பங்குண்டு, மெஷினுக்கும் பங்குண்டு. முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு அந்த அறைக்குள் அலகை நுழைத்துத்தான் முதல் மூச்சை இழுக்கும். பார்சலில் குலுங்கி வந்த முட்டையில் இந்தக் காற்றறையின் சவ்வு பிய்ந்து, முட்டையைச் சாய்க்கிற பக்கமெல்லாம் காற்று நகரும். டார்ச் அடித்து மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர்மட்டக் குழாயில் குமிழி ஓடுவதுபோல ஓடும். வந்த அன்றே அதை மெஷினில் படுக்க வைத்து உருட்டினால், காற்றறை சேதமானபடியே நிற்கும். கடைசியில் குஞ்சுக்கு மூச்சு எடுக்க இடம் கிடைக்காது. செத்த குஞ்சை எடுத்துப் பார்க்கும்போது தலை குறுகிய முனைப் பக்கம் இருந்திருந்தால் காரணம் இதுதான், அல்லது முட்டை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கும். தலை சரியான பக்கம் இருந்து, சவ்வு தோல்போலக் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் ஈரப்பதம் போதவில்லை. ஐதராபாத் ஏப்ரல் காற்று அவ்வளவு வறண்டது. காங்கேயத்திலோ சென்னையிலோ எழுதப்பட்ட ஈரப்பதக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. மாறாக, ஆகஸ்டில் நீங்கள் அடை வைத்தால் மெஷினில் தண்ணீரே ஊற்றத் தேவையிருக்காத நாளும் வரும்.

ஈரப்பதமானியைவிட நம்பகமானது தராசு. நகை நிறுக்கும் சின்ன மின்தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடை வைக்கும் அன்று முட்டைகளை நிறுத்து எழுதிவையுங்கள். பதினெட்டாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் சுமார் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். 40 கிராம் முட்டை என்றால் 5 கிராம் போல. ஏழாம் நாளே இரண்டு கிராமுக்கு மேல் போய்விட்டால் தண்ணீர் வையுங்கள், எடை குறையவே இல்லையென்றால் தண்ணீரை எடுங்கள். பதினெட்டாம் நாள் உருட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65, 70 சதவீதத்துக்குக் கூட்டி, அதன்பிறகு மூடியைத் திறக்காதீர்கள். காற்றாடி உள்ள மெஷினில் வெப்பம் 37.5 டிகிரி. மலிவு மெஷின்களில் திரையில் காட்டும் எண்ணை நம்ப முடியாது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். 99.5 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். கோடை இடிமழையில் கரண்டு போனால் பதற வேண்டாம். மெஷினைப் போர்வையால் மூடி, திறக்காமல் விட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கருக்கள் தாங்கும்.

பார்சலில் வந்த முட்டைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதுவும் மிக எளிது. பிரித்தவுடன் அகன்ற முனை மேலே இருக்கும்படி அட்டையில் நிறுத்தி, வீட்டின் குளிர்ந்த மூலையில் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் முழுக்க, அசைக்காமல் விடுங்கள். கழுவக் கூடாது. மெஷினிலும் படுக்க வைக்காமல் நிறுத்தியே வைத்து, முதல் சில நாள் உருட்டாமல், பிறகு அட்டையோடு இப்படியும் அப்படியுமாகச் சாய்த்தால் போதும். இவ்வளவும் செய்தாலும், கூரியர் முட்டையில் பாதி பொரித்தால் அது நல்ல அறுவடை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முழுசும் பொரிக்கும் என்று எந்த விற்பனையாளர் உறுதி சொன்னாலும் அவரிடம் வாங்காதீர்கள்.

குஞ்சுகளின் கதை வேறு. பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சு மிச்ச மஞ்சள்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு அதுதான் சாப்பாடு. நாள்குஞ்சை ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவதே இந்த ஒரு ஏற்பாட்டால்தான். ஆனால் இந்தக் கணக்கு பொரித்த நேரத்திலிருந்து ஓடுகிறது, பஸ்ஸில் ஏற்றிய நேரத்திலிருந்து அல்ல. பொரித்து ஒரு நாள் பண்ணையில் கிடந்து, ஒரு ராத்திரி பயணம் செய்து, மறுநாள் மாலை உங்கள் கைக்கு வந்தால் இருப்பு ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். கால்நடைப் போக்குவரத்து விதிகள் 1978-ல் வந்தவை. கோழிகளுக்கான பகுதி 2001-ல் சேர்க்கப்பட்டபோது, குஞ்சுகளைப் பொரித்தவுடன் அனுப்ப வேண்டும், பெட்டியில் அடைத்துத் தேக்கி வைக்கக் கூடாது என்பதும் அதில் இடம்பெற்றது. வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: எத்தனை மணிக்குப் பொரித்தது? பெட்டியைத் திறந்ததும் காலைப் பாருங்கள். கணுக்கால் பளபளவென்று உருண்டு இருந்தால் நல்லது. தோல் சுருங்கி, நரம்பு தெரிந்தால் குஞ்சு வறண்டு போயிருக்கிறது.

எச்சம் ஒட்டி அடைத்தது தொற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் பயணத்தின் குளிரும் சூடும் தாகமும்தான் காரணம். வந்ததும் தீவனம் போடாதீர்கள். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸோ வெல்லமோ கலந்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை நனைத்து விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, உமியின் மேல் விரித்த செய்தித்தாளில் மக்காச்சோளக் குருணையையோ கேழ்வரகையோ தூவுங்கள். மறுநாளிலிருந்து 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம். பின்பக்கம் அடைத்த குஞ்சுக்கு வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள், பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சு வருவதற்கு முன்பே பல்பைப் போட்டு உமியைச் சூடேற்றி வைத்திருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர், வளையத்தின் ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்து நின்றால் சூடு. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியான வெப்பம். இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம்.

ஆக, முட்டையா குஞ்சா? உங்களுக்கு நான் சொல்வது முட்டைதான், ஆனால் கூரியரில் அல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? திரும்பும்போது கையில் கொண்டு வாருங்கள். காங்கேயத்துக்குப் பக்கத்து ஈரோட்டிலோ திருப்பூரிலோ சபரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒரு நாளுக்குள் இங்கே வந்துவிடலாம். ஜனவரியில் காற்று குளிர்ந்திருக்கும், கருவும் உறங்கிக்கொண்டே வரும். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக, நடுத்தர அளவில், ஓடு கரடுமுரடில்லாமல் பார்த்து எடுங்கள். குறுகிய முனை கீழே இருக்கும்படி அட்டையில் அடுக்கி, சுற்றிலும் உமி நிரப்பி, காற்றுப் போகும் துணிப்பையில் வைத்து, பெர்த்துக்கு அடியில் அல்ல, மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பெட்டியின் தரை அதிர்வு மோசமானது.

கையில் கொண்டு வருவதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. அந்த முட்டையிட்ட கோழிகளை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். புல்லோரம், மைக்கோபிளாஸ்மா போன்ற நோய்கள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருபவை. மந்தையில் மூக்கு ஒழுகிக் கொர் கொர் என்று மூச்சு விடும் கோழி ஒன்று நின்றாலும் அந்த வீட்டில் முட்டை எடுக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, ஆந்திராவிலிருந்து வந்த கோழி லாரிகளைத் தெலங்கானா எல்லையிலேயே திருப்பி அனுப்பியது நினைவிருக்கும். அப்படிச் செய்தி வருகிற வாரங்களில் எந்த ஊரிலிருந்தும் முட்டையும் வேண்டாம், குஞ்சும் வேண்டாம்.

அசல்தானா என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டில் நாம் சிறுவிடை, பெருவிடை என்று உடல்வாகைப் பார்த்துப் பிரிக்கிறோம். பெருவிடை அசீல் வகை: நெடிய கால், செங்குத்தான நடை, சேவல் மூன்று நான்கு கிலோ. சிறுவிடைப் பெட்டை ஒன்றரைக் கிலோ சுற்றித்தான் நிற்கும். நிறத்தை வைத்து இனம் சொல்லவே முடியாது. நம் ஊர்ச் சேவல்காரர்கள் காகம், வல்லூறு, மயில் என்றும் ஆந்திராவில் காகி, டேகா, நெமலி என்றும் சொல்வதெல்லாம் இறகின் நிறம், எந்தக் கலப்பிலும் அந்த நிறம் வரும். எடைதான் பொய் சொல்லாது. எட்டு வாரத்தில் ஒரு கிலோவைத் தொட்ட குஞ்சு, இறகு எப்படி இருந்தாலும் சிறுவிடை இல்லை. வனராஜா போன்ற மேம்படுத்திய கோழியின் ரத்தம் அதில் ஓடுகிறது.

வனராஜாவைக் குறை சொல்லவில்லை. உங்கள் ஊரிலேயே, உப்பலிலிருந்து எல்.பி. நகர், ஆராம்கர் வழியாகப் போனால் வரும் ராஜேந்திரநகரில், கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் 1988-லிருந்து இயங்குகிறது. வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஸ்ரீநிதியும் அங்கே உருவானவைதான். புறக்கடையில் இறைச்சிக்கும் முட்டைக்கும் அவை நல்ல கோழிகள். ஆனால் வெவ்வேறு தாய்வழி, தந்தைவழிகளைச் சேர்த்து எடுத்தவை, அவற்றின் குஞ்சுகளில் அதே குணம் நிற்காது. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதே வளாகத்தில் அசீல், கடக்நாத், காகஸ், நிக்கோபாரி என்ற நாட்டு இனங்களையும் தனித்தனியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். விவசாயிகளுக்கு முட்டையும் நாள்குஞ்சும் முன்பதிவின் பேரில் தருகிறார்கள். சிறுவிடைதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், பயணமே இல்லாமல் அசீல் முட்டை உங்களுக்குக் கிடைக்கும். ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டிய விஷயம். உங்கள் கடிதத்தில் மெஷின் இருக்கிறது, அடைக்கோழி இல்லை. நாட்டுக்கோழியின் சொத்து அதன் இறைச்சி ருசி மட்டுமில்லை. அடை படுக்கும் குணமும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும் குணமும், வானத்தில் பருந்து நிழல் பட்டதும் குரல் கொடுத்து றெக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் அறிவும்தான் சொத்து. வெள்ளை லெகார்னில் அடைக்குணத்தைத் தேர்வு செய்து தேர்வு செய்தே ஒழித்தார்கள், ஏனென்றால் அடை படுக்கும் கோழி முட்டை இடாது. வீட்டில் மெஷின் வைத்து தலைமுறை தலைமுறையாகப் பொரித்தால் நாமும் அதையே அறியாமல் செய்கிறோம். அடை படுக்காத கோழியின் முட்டைதான் கூடையில் அதிகம் சேரும், அதன் குஞ்சுகளே அதிகம் பொரிக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் சிறுவிடையின் உருவம் இருக்கும், உள்ளே குணம் இருக்காது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் 2018-ல் புவிசார் குறியீடு பெற்ற இனம். ஆனால் அடை படுப்பதில் மந்தம், வேறு நாட்டுக்கோழியின் அடியில்தான் அதன் முட்டைகளை வைக்கிறார்கள். நம் சிறுவிடைக்கு அந்த நிலை வந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது.

எனவே மெஷினை இந்த ஒரு முறை, வம்சத்தை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் பயன்படுத்துங்கள். அதைவிடவும் நல்லது, உப்பலைத் தாண்டிய கிராமங்களில் அடை படுத்த நாட்டுக்கோழி ஒன்றை விலை பேசி வாங்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போவது. வாங்கும்போது அதற்கும் நோய் பார்த்து, பேன் மருந்து போட்டு, நான்கு நாள் வெறும் முட்டையில் உட்கார வைத்துப் பழக்குங்கள். ஊர் முட்டை ஒரு நாள் ஓய்வெடுத்தபின், ராத்திரி இருட்டில் மாற்றி வையுங்கள். பத்திலிருந்து பன்னிரண்டு முட்டை அதன் உடம்புக்குப் போதும். குஞ்சு பொரித்ததும் பகலில் பஞ்சாரத்தைப் போட்டுத் தாயை உள்ளே விட்டால், குஞ்சுகள் இடுக்கு வழியே வெளியே வந்து மேய்ந்து, பயந்தால் உள்ளே ஓடும். உப்பலில் பருந்தைவிடத் தெருநாயும் பூனையும் அதிகம், சுவரின் மேல் வலை அவசியம்.

தடுப்பூசியில் சிக்கனம் வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் என்று நம் ஊரில் சொல்லும் ராணிக்கேட் நோய் ஒரே வாரத்தில் மந்தையைக் காலி செய்யும். ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு, பதினான்காம் நாள் கம்போரோ, நான்காம் வாரம் மீண்டும் லசோட்டா, ஆறேழு வாரத்தில் அம்மை ஊசி, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி. குப்பி திறந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கும் மேல் வரும், அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மந்தைக்கு நோய் வந்தால் உங்கள் சுவர் தடுக்காது. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல். உமியை உலர்த்துங்கள், அன்றே கால்நடை மருத்துவரிடம் ஆம்ப்ரோலியம் கேளுங்கள்.

இப்போது உங்களிடம் மிச்சமிருப்பது 5-ம் 12-ம். முதல் ஐந்தும் ஒரே பண்ணையின் முட்டை, அநேகமாக அண்ணன் தங்கைகள். அவற்றுக்குள்ளேயே சேவல் விடாதீர்கள். ஆறு மாதம் ஆனதும் எடை பாருங்கள், இரண்டு கூட்டத்திலும் உருவம் ஒத்த பெட்டைகளை மட்டும் நிறுத்தி, சேவலைப் பொங்கலுக்கு ஊரிலிருந்து வேறு வீட்டு வம்சத்தில் எடுத்து வாருங்கள், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். புதுக் கோழி எது வந்தாலும் மூன்று வாரம் தனியாக வைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். அந்தப் பெட்டைகளில் எது முதலில் கூட்டைவிட்டு எழாமல், கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வருகிறதோ, அதன் காலில் ஒரு சிவப்பு வளையம் மாட்டிவிடுங்கள். அடுத்த வருடம் வம்சத்துக்கு முட்டை எடுக்க வேண்டியது அந்தக் கோழியிடம்.